சான்று கேட்ட பதிப்பாசிரியர்

(பாண்டுப்பில் தமிழ் வாசகர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இந்தப் பாண்டுப்பிலும் வாழும் தமிழர்களில் மிகப் பலருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. தோல் பதனிடும் வேலைக்கும், பிறகு தொழிற்சாலை வேலைக்கும் என்று தலைமுறை தலைமுறையாக ரயிலேறி வந்தவர்கள். அதே சீமையில், சிக்க நரசய்யன் கிராமத்தில், 1891 அக்டோபர் 12 அன்று பிறந்தவர் ச. வையாபுரிப் பிள்ளை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்ப் பேரகராதியை முடித்துக் கொடுத்தவர். சங்கப் பாடல்கள் முழுவதையும் ஒரே பதிப்பாகத் தமிழர் கையில் தந்தவர். இத்தனை செய்தும் வாழ்ந்த காலத்திலேயே தமிழ்த் துரோகி என்று ஏசப்பட்டார். இந்தப் பெருமையும் அந்த ஏச்சும் ஒரே குணத்திலிருந்து வந்தவை. எதைச் சொன்னாலும் அதற்குச் சான்று எங்கே என்று கேட்கும் குணம் அது.

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் படித்துவிட்டு, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பி.ஏ. படித்தார். தமிழில் மாநிலத்திலேயே முதல்வராகத் தேறி சேதுபதி தங்கப் பதக்கம் பெற்றார். அந்தக் காலத்தில் தமிழ் படித்தவருக்குப் பிழைப்பு ஏது? திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து, அங்கேயே சில ஆண்டுகள் வக்கீலாக இருந்தார். பிறகு திருநெல்வேலியில் தொழிலைத் தொடர்ந்தார். கட்சிக்காரர்கள் வந்துபோன நேரம் போக மீதி நேரமெல்லாம் ஏட்டுச் சுவடிகளோடு கழிந்தது. திருவனந்தபுர வாழ்க்கையில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் நட்பு வாய்த்தது. கவிமணியைக் குழந்தைப் பாட்டு எழுதியவராகவே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் கல்வெட்டு ஆராய்ச்சியில் கைதேர்ந்தவர். காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர். சுவடி தேடுவதிலும் பாடம் ஒப்பிடுவதிலும் இருவரும் ஒருவருக்கொருவர் துணை.

பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் நாடகம் 1891-இல் வெளிவந்தது, வையாபுரிப் பிள்ளை பிறந்த அதே ஆண்டு. அந்த நூலுக்கு 1922-இல் அவர் ஒரு பதிப்புக் கொண்டுவந்தார். பதிப்பாசிரியர் என்று தமிழுலகம் அவரை அறிந்துகொள்ளத் தொடங்கிய காலம் அது. அப்போதும் அவர் வக்கீல்தான்.

நான்கு ஆண்டு கழித்து, 1926 நவம்பரில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற அந்தப் பேரகராதியின் அலுவலகத்துக்கு ஆசிரியராக வந்தார். அந்த அலுவலகம் அப்போது எந்த நிலையில் இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் தலையில் ஏறிய சுமை புரியும்.

தமிழுக்கு அதற்கு முன் அகராதி இல்லாமல் இல்லை. நிகண்டுகள் இருந்தன, வீரமாமுனிவரின் சதுரகராதி இருந்தது, யாழ்ப்பாணத்து அகராதிகள் இருந்தன. அமெரிக்கப் பாதிரியார் வின்சுலோ 1862-இல் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதியில் 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. அதற்குப் பிறகு சங்க இலக்கியம் அச்சேறியது. சி.வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் அதே ஆண்டு சீவக சிந்தாமணியையும், 1889-இல் பத்துப்பாட்டையும், 1894-இல் புறநானூற்றையும் கொண்டுவந்தார். ஒரு தலைமுறைக்குள் ஆயிரக்கணக்கான பழஞ்சொற்கள் ஏட்டிலிருந்து வெளியே வந்துவிட்டன. அவற்றுக்கு அகராதியில் இடமில்லை. புது அகராதி வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்துதான் எழுந்தது. ஜி.யு. போப் அதற்காகப் பொருள் சேர்த்து வைத்துவிட்டு 1908-இல் காலமானார்.

1913-இல் மதுரையில் அலுவலகம் திறந்தார்கள். ஆசிரியர் ஜே.எஸ். சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியார். மு. இராகவையங்கார் தலைமைப் பண்டிதர். ஐந்தாண்டில் முடியும், ஒரு லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். இரண்டாண்டில் அலுவலகம் சென்னைக்குப் போனது. முதல் பகுதி அச்சாகி வந்ததே 1924-இல். அதற்குள் ஆசிரியர்கள் மாறிவிட்டார்கள். பணம் கரைகிறது, வேலை நகரவில்லை என்று சட்டசபையிலும் பத்திரிகையிலும் முணுமுணுப்பு. இந்த நிலையில் வந்து அமர்ந்தவர்தான் திருநெல்வேலி வக்கீல்.

அகராதி வேலை என்றால் என்ன? அறை நிறையத் துண்டுச் சீட்டுகள். ஒரு சொல், அது வரும் நூல், அந்த வரி, அங்கே அதன் பொருள் என்று ஒவ்வொரு சீட்டிலும் குறித்திருக்கும். பத்துப் பேர் பத்து நூலைப் படித்து எழுதிய சீட்டுகள் ஒரே சொல்லின் கீழ் வந்து சேரும். அவற்றை வைத்துக்கொண்டு எந்தப் பொருள் முந்தியது, எது பிந்தியது, எது உரையாசிரியர் தம் வசதிக்குச் சொன்னது, எது வெறும் அச்சுப்பிழையால் பிறந்தது என்று ஆசிரியர் தீர்மானிக்க வேண்டும். பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். மேற்கோள் காட்ட வேண்டும். பிறமொழியிலிருந்து வந்ததென்றால் எந்த மொழி என்று குறிக்க வேண்டும். நெல்லை வழக்கு, நாஞ்சில் நாட்டு வழக்கு, யாழ்ப்பாண வழக்கு என்று இடத்தையும் சுட்ட வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சில சொற்களுக்கு மேல் நகர முடியாத வேலை. வையாபுரிப் பிள்ளைக்குத் தமிழோடு வடமொழியும் மலையாளமும் தெரியும். ஐரோப்பிய ஆய்வுகளைப் படிக்க ஜெர்மன் மொழியும் கற்றார். அந்தப் பத்தாண்டு அனுபவத்தை அவர் எழுதிய கட்டுரைகள் பின்னால் 'அகராதி நினைவுகள்' என்ற நூலாக வந்தன.

1936-இல் ஆறு தொகுதிகளும் முடிந்தன. 1,04,405 சொற்கள். 1939-இல் வந்த பிற்சேர்க்கையில் இன்னும் 13,357. ஆக மொத்தம் 1,17,762. ஒரு லட்சம் என்று போட்ட கணக்கு 4,10,000 ரூபாயில் முடிந்தது, ஐந்தாண்டு இருபத்து மூன்றாண்டு ஆனது. அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. பட்டத்தை விடப் பெரிய மரியாதை வேறிடத்திலிருந்து வந்தது. பர்ரோவும் எமனோவும் 1961-இல் திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டபோது, தமிழுக்கு அவர்கள் முதன்மையாக நம்பியது இந்த லெக்சிகனைத்தான். இன்று சிகாகோ பல்கலைக்கழகம் அதை இணையத்தில் வைத்திருக்கிறது. பாண்டுப்பில் ரயிலுக்குக் காத்திருக்கும் பிள்ளை கைப்பேசியில் சொல்லைத் தட்டினால் அந்தப் பழைய சீட்டின் மேற்கோள் கண்முன் வந்துவிடும்.

இனி அவருடைய பதிப்பு வேலைக்கு வருவோம். என் மனம் மிக அதிகமாக ஒன்றும் இடம் அதுதான்.

ஏட்டுச் சுவடியைக் கையில் எடுத்தவருக்குத்தான் அதன் தொல்லை தெரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடு இருக்காது, ஒகர ஓகார வேறுபாடும் இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி நிற்கும். அடி பிரிக்காமல், சொல் பிரிக்காமல், பாட்டு முடிந்தது கூடத் தெரியாமல் ஓலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எழுத்து ஓடும். இடையில் இராமபாணப் பூச்சி தின்ற ஓட்டைகள். எழுதியவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியை விட்டிருப்பார். அறிவு மிகுந்தவராக இருந்தால் இன்னும் ஆபத்து, புரியாத சொல்லைத் தமக்குப் புரிந்த சொல்லாக மாற்றிவிட்டிருப்பார். ஐந்து ஏடு கிடைத்தால் ஐந்தும் ஐந்து விதமாகப் பேசும்.

அந்த இடத்தில் வக்கீலின் பழக்கம் கைகொடுத்தது. ஒவ்வொரு ஏடும் அவருக்கு ஒரு சாட்சி. யார் நேரில் கண்டவர், யார் பிறர் சொல்லக் கேட்டவர், எந்த இரண்டு சாட்சிகள் ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள் என்று அவர் பார்த்தார். பாடத்தை ஏற்றபோது விலக்கிய பாடத்தையும் அடிக்குறிப்பில் காட்டினார். தமக்குப் பிந்தி வருபவர் மறுத்துப் பேச இடம் வைத்த பதிப்பு முறை அது.

அவர் பதிப்பித்த நூல்கள் நாற்பதை ஒட்டியவை. நாமதீப நிகண்டு, களவியற் காரிகை, குருகூர்ப் பள்ளு என்று யாரும் சீந்தாமல் கிடந்த சிறு நூல்கள் அவற்றில் அதிகம். அவற்றுள் புறத்திரட்டு என்ற ஒரு நூலைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பெயர் தெரியாத ஒருவர், தமக்குப் பிடித்த செய்யுள்களைப் பல நூல்களிலிருந்து எடுத்துத் தலைப்பு வாரியாகத் தொகுத்து வைத்தார். மூல நூல்கள் பல பின்னால் அழிந்துபோயின, தொகுப்பு பிழைத்துக்கொண்டது. இன்று முத்தொள்ளாயிரம் என்று நாம் ரசித்துச் சொல்லும் நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்கள் பெரும்பாலும் இந்தத் தொகுப்பால்தான் நமக்குக் கிடைத்தன. தகடூர் யாத்திரையின் செய்யுள்களும், ஐம்பெருங்காப்பியங்களில் காணாமல் போன வளையாபதியின் எஞ்சிய பாடல்களும் அப்படியே. இந்த நூலை 1930-களின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியாக அவர் வெளியிட்டார். எந்தச் செய்யுள் எந்த நூலைச் சேர்ந்தது என்று தேடிப் பிடிப்பது எவ்வளவு பெரிய வேலை! அதைச் செய்திராவிட்டால் அந்தப் பாட்டுகள் ஊர் பேர் இல்லாமல் கிடந்திருக்கும்.

1940-இல் சைவ சித்தாந்த மகா சமாஜத்தின் வழியாக வந்தது சங்க இலக்கியம் முழுத் தொகுப்பு. பாட்டும் தொகையும் என்று பதினெட்டு நூல்கள், 2,381 பாடல்கள், பெயர் தெரிந்த புலவர்கள் 473 பேர். அதுவரை எல்லோரும் அகநானூறு தனி, புறநானூறு தனி என்று நூல் வரிசையில் படித்தார்கள். வையாபுரிப் பிள்ளை பாடல்களைப் புலவர் வரிசையில் அடுக்கினார். கபிலர் பாடியதெல்லாம் ஓரிடத்தில், ஔவையார் பாடியதெல்லாம் ஓரிடத்தில். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அதன் பலனைப் பாருங்கள். பாரி இறந்த துயரத்தைப் புறநானூற்றில் பாடிய கபிலரும், குறிஞ்சிப்பாட்டில் மலைப்பூக்களை வரிசையாகச் சொன்ன கபிலரும், ஐங்குறுநூற்றில் குறிஞ்சி நூறு பாடிய கபிலரும், பதிற்றுப்பத்தில் சேரனைப் பாடிய கபிலரும் அடுத்தடுத்த பக்கங்களில் வந்து நின்றார்கள். ஒரு புலவரின் நடையை, விருப்பத்தை, அவர் திரும்பத் திரும்பப் பார்த்த மலையை வாசகர் முதல்முறையாக முழுசாகப் பார்க்க முடிந்தது. அதோடு, ஒரே பெயரில் இருக்கும் பாடல்கள் எல்லாம் ஒரே ஆளுடையவைதானா என்ற கேள்வியும் எழுந்தது. சங்க இலக்கியத்தைப் பற்றி அவர் செய்த பல காரியங்களில் இந்த அடுக்குமுறைதான் மிகப் பெரியது என்பது இந்தப் பேச்சாளரின் துணிபு.

இதே ஆண்டுகளில் இங்கே மேற்குக் கரையில் என்ன நடந்தது என்பதையும் மும்பைத் தமிழர் அறிந்துகொள்வது நல்லது. தாதரில் ரயிலேறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் புணேயில், பண்டார்கர் நிறுவனம் 1919-இல் மகாபாரதத்துக்கு ஆய்வுப் பதிப்புத் தொடங்கியது. 1925-இலிருந்து அதன் தலைமைப் பதிப்பாசிரியர் விஷ்ணு சீதாராம் சுக்தங்கர், மும்பையில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, பெர்லினில் வடமொழி ஆய்வு முறை கற்று வந்தவர். காஷ்மீரத்து சாரதா எழுத்திலிருந்து நம் கிரந்த எழுத்து வரை ஏடுகளை ஒப்பிட்டார்கள். அந்த வேலையில் ஒரு பங்கு தஞ்சாவூரில் நடந்தது. பிற்காலத்தில் புகுந்தவை என்று தெரிந்த பகுதிகளை மூலத்திலிருந்து எடுத்துப் பின்னிணைப்பில் வைத்தார்கள். வியாசர் சொல்லச் சொல்ல விநாயகர் எழுதினார் என்ற கதையும் அப்படிப் பின்னால் போனது. விநாயக சதுர்த்திக்குத் தெருவெல்லாம் நிறையும் இந்த மராட்டிய மண்ணில்தான் அதைச் செய்தார்கள். மகாபாரதத்தின் பொருள் பற்றி மும்பைப் பல்கலைக்கழகத்தில் நான்கு உரைகள் ஆற்ற ஒப்புக்கொண்ட சுக்தங்கர், மூன்று முடித்து நான்காவதை நிகழ்த்துமுன், 1943 ஜனவரியில் மறைந்தார். பதிப்பு 1966-இல் நிறைவெய்தியது.

கம்பராமாயணத்துக்கு அத்தகைய ஒரு பணியைச் செய்ய வேண்டும் என்பது வையாபுரிப் பிள்ளையின் நெடுநாள் எண்ணம். யுத்த காண்டத்தின் ஒரு பகுதியை 1932-லேயே பதிப்பித்திருந்தார். கடைசிக் காலத்தில் மர்ரே கம்பெனி எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட முன்வந்தபோது, அந்தப் பதிப்புக் குழுவுக்கு வழிகாட்டியவர் இவரே. அந்தக் கம்பராமாயணப் பதிப்பில் மிகைப்பாடல்கள் தனியே பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. சுவடியே பாராத ஒரு சாதாரண வாசகர் சில ரூபாய் கொடுத்து நம்பகமான பாடத்தை வாங்கிக்கொண்டு போக முடிந்தது அதனால்தான். புணேயின் பெருந்தொகுதிகளுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

இனி ஏச்சின் கதை.

லெக்சிகன் முடிந்ததும் 1936 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவராக இருந்தார். பிறகு 1951 முதல் 1954 வரை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். இந்த ஆண்டுகளில் அவர் இலக்கியக் கால ஆராய்ச்சியில் இறங்கினார். தொல்காப்பியம் கி.பி. 5-ஆம் நூற்றாண்டு, திருக்குறள் ஏறத்தாழ 600, சிலப்பதிகாரம் இன்னும் பிந்தியது என்று எழுதினார். இலக்கண வடிவங்களின் மாற்றம், கலந்திருக்கும் வடசொற்கள், வடமொழி நூல்களோடு ஒத்துப்போகும் கருத்துகள் ஆகியவை அவர் காட்டிய காரணங்கள். 470-இல் வச்சிரநந்தி மதுரையில் நிறுவிய சமணர்களின் திராவிட சங்கத்தோடு தமிழ்ச் சங்கத்தைத் தொடர்புபடுத்திப் பேசினார். தனித்தமிழ் உணர்வும் திராவிட இயக்கமும் உச்சத்தில் இருந்த காலம். தமிழ் தொன்மையானது என்பது ஒரு மக்கள் கூட்டத்தின் தன்மானமாக இருந்தது. அந்த நேரத்தில் தமிழ்ப் பேராசிரியர் ஒருவரே நூல்களின் வயதைக் குறைத்தால் சும்மா விடுவார்களா? கண்டனம் நாலாபக்கமும் எழுந்தது. லெக்சிகனில் தமிழ்ச் சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டியதைத் தேவநேயப் பாவாணர் கடுமையாகத் தாக்கினார். அந்தத் தாக்குதல் வீணாகவில்லை. 1974-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய சொற்பிறப்பியல் பேரகரமுதலிக்கு அவரே முதல் இயக்குநரானார்.

வையாபுரிப் பிள்ளையின் காலக் கணிப்பு சரியா? பல இடங்களில் சரியில்லை என்றே சொல்ல வேண்டும். அவர் 1956 பிப்ரவரி 17 அன்று காலமானார். அதற்குப் பிறகு கரூர் அருகே புகளூர்ப் பிராமிக் கல்வெட்டில் சேர இரும்பொறை மரபின் பெயர்களை ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். 1981-இல் திருக்கோவலூர் வட்டாரத்து ஜம்பையில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த கல்வெட்டு கிடைத்தது. ஔவை பாடிய மன்னன் கல்லில் பெயரோடு நின்றான். கீழடி அகழாய்வு நம் கண்முன் நடந்துகொண்டிருக்கிறது. இவை எதையும் அவர் பார்க்கவில்லை. பார்த்த சான்றுகளிலும் வடமொழியின் பக்கம் சற்று அதிகமாகவே சாய்ந்தார். ஒரு கருத்து இரண்டு மொழியிலும் இருந்தால் அது வடக்கிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. இதை அவருடைய அன்பர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புகளூரையும் ஜம்பையையும் வைத்து அவரை மறுப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? கல்லைக் காட்டுகிறார்கள், எழுத்தின் வடிவத்தைக் காட்டுகிறார்கள், அந்தப் பெயர் சங்கப் பாடலில் வரும் இடத்தைக் காட்டுகிறார்கள். அந்தப் பாடலைத் தேடிப் போனால் பல நேரம் அவர் அடுக்கிய பதிப்பில்தான் போய் நிற்கிறார்கள். சொல்லின் பொருளுக்கு அவருடைய லெக்சிகனைத்தான் புரட்டுகிறார்கள். தமிழ் மேல் பற்றில்லாத ஒருவர் யாரும் சீந்தாத நிகண்டையும் பள்ளையும் ஏட்டிலிருந்து எழுத்து எழுத்தாகப் படித்து அச்சேற்றியிருப்பாரா? துரோகி என்ற சொல் அவருக்கு எந்த விதத்திலும் பொருந்தாது. அதை இந்த மேடையில் உரக்கச் சொல்வது கடமை. அவருடைய நூல்கள் சுமார் 2,900 இன்று கொல்கத்தா தேசிய நூலகத்தில் அவர் பெயரிலேயே தனித் தொகுப்பாக இருக்கின்றன.

கடைசியாக மும்பைக்கு ஒரு வேண்டுகோள். லெக்சிகனில் நெல்லைக்குக் குறி உண்டு, நாஞ்சில் நாட்டுக்கு உண்டு, யாழ்ப்பாணத்துக்கு உண்டு. மராட்டியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்களுக்கும் குறி உண்டு. தாராவித் தமிழுக்கும் பாண்டுப்புத் தமிழுக்கும் குறி இல்லை. அறையைக் கோலி என்றும் முச்சந்தியை நாக்கா என்றும் தமிழ் வாக்கியத்துக்குள் வைத்துப் பேசி வருகிறோம். தோல் பதனிட்ட தாத்தாக்கள் தொட்டிக்கும் கருவிக்கும் என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டு எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? அந்தத் தலைமுறையில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளும், சங்கங்களின் ஆண்டு மலர்களும், கோயில் கொடை நோட்டீசுகளும், கடைக் கணக்குப் புத்தகங்களும் பரண்களில் கிடக்கின்றன. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டுச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு ஒரு சொல், அது வந்த வாக்கியம், சொன்னவரின் வயதும் பூர்வீக ஊரும், கேட்ட இடம், தேதி. பொருளைக் கடைசியில் எழுதுங்கள், பென்சிலில் எழுதுங்கள்.